நான்காவது மென்பொருள்

ஒரு சின்னக் கம்பனிக்கு வேலைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றைத் தெரிவு செய்யும்போது, அதை யார் திறந்தே பார்க்கப் போவதில்லை என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். விலை, நிறம், வசதி எல்லாம் பிறகு. விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை. எங்கள் கம்பனியில் எட்டுப் பேர். நாலு பேர் திறக்க மாட்டார்கள். இரண்டு பேர் திறப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். மிச்சம் கிருஷாந்தும் நானும். இதை நான் முதல் நாளே எண்ணி வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், மிஸ். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்றுதான் கேட்டீர்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. உங்கள் தமிழ்த் தட்டச்சும் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், அவசரமில்லை. பத்தொன்பது வருடம் மற்றவர்கள் சொல்ல நான் எழுதினேன். நான் சொல்ல இன்னொருவர் எழுதுவது இதுதான் முதல் தடவை. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

பெயர் கமலேஸ்வரி. வயது நாற்பத்தொன்பது. பாலையூற்றில் தனியாக இருக்கிறேன். உட்துறைமுகக் கரையில் கனகரத்தினம் ஐயா நடத்தும் படகு திருத்தும் கம்பனியில் அலுவலகப் பொறுப்பு. பைபர் வள்ளங்கள், சுற்றுலாப் படகுகள், அவற்றின் எஞ்சின்கள், இவைதான் எங்களிடம் வரும். படகைக் கரைக்கு இழுத்து, திருத்தி, திருப்பி இறக்கிவிடுவோம்.

கிருஷாந்த் வரும்வரை எங்களுக்கு மென்பொருள் என்று ஒன்று இருக்கவில்லை என்று சொல்வது சரியில்லை. இருந்தது. ஒரு வெள்ளைப் பலகை, ஒரு நீலப் பேனை, நான். எந்தப் படகு, யார் வேலை, எப்போது முடியும் என்று காலையில் எழுதுவேன், பின்னேரம் அழிப்பேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பலகைக்கு நெட் இல்லாமல் போகவில்லை.

இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பைபர் படகின் அடியில், பின்பக்கமாக, பெருவிரல் அளவில் ஒரு துவாரம் உண்டு. படகு கரையில் நிற்கும்போது உள்ளே விழும் மழைத்தண்ணீர் வடிவதற்கு அதன் மூடியைக் கழற்றிவிடுவார்கள். இறக்கும்போது பூட்ட வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனபடியால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம்: கழற்றிய மூடியையும் எஞ்சின் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டி, அந்தப் படகில் வேலை செய்பவர் இடுப்பில் செருகிக்கொள்வார். சாவி வேண்டுமென்றால் மூடியும் சேர்ந்துதான் கைக்கு வரும். மூடி கையில் இருக்கும்போது துவாரத்தை யாரும் மறக்க மாட்டார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் எஞ்சின் மெக்கானிக் கலீலுர் றஹ்மான் நானா கொண்டுவந்த வழக்கம். கிறீஸ் பிடித்த, நாற்றமடிக்கிற கயிறுகள். ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு படகும் தாழவில்லை.

பலகையின் கீழ் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி கீறியிருந்தேன். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. முழுமைக்காகச் சொல்கிறேன். ஐயாவின் மனைவி காலமாகி அடுத்த வருடம், ஒரு நாள் காலை அந்தப் பெட்டிக்குள் 'காலமை என்ன சாப்பாடு?' என்று எழுதியிருந்தது. நான் அதற்குக் கீழே 'இடியப்பம்' என்று எழுதினேன். அடுத்த நாள், 'சொதி இருந்ததா?' நான், 'ஓம்.' அப்படியே பதினொரு வருடம். வாயால் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பின்னேரம் நான் பலகை முழுவதையும் அழிப்பேன், மூலையை மட்டும் விடுவேன். காலையில் ஐயா தன் சுட்டுவிரலால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுவார். அவருடைய சுட்டுவிரல் நுனி பதினொரு வருடமும் நீலமாகவே இருந்தது. எதிரில் இருந்து கடிதம் எழுதும்போது நான் அதைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

சரி, கிருஷாந்த்.

ஐயாவின் ஒரே தங்கையின் ஒரே மகன். தகப்பன் இல்லாத பிள்ளை, ஐயாதான் படிப்பித்தார். இருபத்தொன்பது வயது. கொழும்பில் ஏதோ முகாமைத்துவம் படித்துவிட்டு ஜனவரியில் வந்தார். கெட்ட பிள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். சிரித்த முகம். வந்த முதல் நாளே என்னை 'அன்ரி' என்று கூப்பிட்டார். எங்கள் இடத்தில் எல்லோருக்கும் நான் கமலாக்கா. ஐயாவுக்குக் கமலேஸ்வரி. ஒரே வார்த்தையில் என்னைப் பதினைந்து வயது தூக்கிப் போட்டுவிட்டார்.

"அன்ரி, உங்கட மண்டைக்குள்ள இருக்கிறதெல்லாத்தையும் ஒரு சிஸ்டத்துக்குள்ள கொண்டரோணும்," என்றார். "நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா கம்பனி நிண்டிடும்."

"எனக்கு என்ன நடக்கப்போகுது தம்பி?"

"ஒரு பேச்சுக்குத்தான் அன்ரி."

நான்கு மென்பொருள்களைக் காட்டி, இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்து, ஒன்றை என்னையே தெரிவு செய்யச் சொன்னார். என் கதிரையை அகற்ற எந்தக் கம்பு நல்லது என்று என்னிடமே கேட்டது போலத்தான். ஆனால் நான் அதை அப்படி எடுக்கவில்லை. எனக்கு வாழ்க்கையில் மூன்று மாப்பிள்ளைகள் பார்க்க வந்து, மூன்று பேரும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இங்கே நான்கு பேர் வரிசையில் நின்று என்னுடைய பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பெண்ணுக்கு அது ஒரு புது அனுபவம்.

முதலாவது, வேலைகளை அட்டைகளாகக் காட்டியது. முடிந்த அட்டையை விரலால் இழுத்து அடுத்த நிரலில் போட வேண்டும். றஹ்மான் நானாவின் விரலில் எப்போதும் கிறீஸ். அவர் இழுத்தால் போன் வழுக்கிக்கொண்டு போகும், அட்டை அங்கேயே நிற்கும். மூன்றாவது, எதற்கெடுத்தாலும் மணியடித்தது. ஐயாவின் போனில் ஒரே நாளில் அறுபத்திரண்டு தடவை. அவர் அதைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது. ஆரவாரமில்லாத சாமான். வேலை, ஆள், திகதி. ஒரு நல்ல குணம் அதற்கு: வேலையைச் செய்தவரே படம் எடுத்துப் போட்டாலொழிய வேலை மூடாது. பேய்க்காட்ட ஏலாது. பெப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் இரண்டாவதைத்தான் முடிவு செய்திருந்தேன். கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். என் மேசை லாச்சியில் கிடக்கும், பாருங்கள்.

நான்காவதில் நீங்கள் விரும்பியபடி சட்டம் போடலாம். இன்ன வேலைக்கு இத்தனை மணித்தியாலத்துக்குள் பதில் வராவிட்டால் நினைவூட்டு, அல்லது வேறு ஆளுக்கு மாற்று, அல்லது முடிந்ததாகக் கருதி மூடு. மூடினால் பச்சை விழும். ஆள் செய்தாரா, சட்டம் செய்ததா என்று பச்சையில் வித்தியாசம் தெரியாது. இது எவ்வளவு ஆபத்தான வசதி என்று செவ்வாய்க்கிழமை நானே கிருஷாந்திடம் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ். நான் எச்சரித்திருக்கிறேன்.

புதன்கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஐயாவுக்குத் தெரியும், மூலையில் அதைப் பற்றி எழுதியிருந்தோம். ஒரு நாள் லீவு. வியாழக்கிழமை காலை, கன்னத்துக்குள் பஞ்சோடு வந்தேன்.

பலகை இருந்த சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம். பலகை வெளியே, பைபர் சுருள்களுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்தபடி நின்றது. ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள்.

"சேர்ப்ரைஸ் அன்ரி!" என்றார் கிருஷாந்த். "இனிப் பலகை இல்ல. நீங்கள் எதை எடுத்தாலும் ஓகே, ஆனா எல்லாம் போனுக்குள்ளதான்."

"அழிச்சிட்டீங்களோ?"

"பயப்படாதேங்கோ, படம் எடுத்துப்போட்டுத்தான் அழிச்சனான்."

படத்தைக் காட்டினார். இடது பக்கம், நடுப்பக்கம், மேல் பக்கம் எல்லாம் தெளிவு. கீழ் வலது மூலையை மேசை விசிறி மறைத்திருந்தது.

"இந்த மூலை வரேல்லையே தம்பி."

"அது வேலை இல்லைத்தானே அன்ரி," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதாவது, வாசித்திருக்கிறார்.

"நேற்றுக் காலமை அதில என்ன எழுதியிருந்தது?"

போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஞாபகமில்ல அன்ரி. ஏதோ பல்லைப் பற்றி."

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். நானும் உள்ளே தேடிப் பார்த்தேன், மிஸ். கோபம் என்று சொல்லக்கூடிய எதுவும் அங்கே இல்லை. பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு தானாகப் போகும், தெரியுமா? போக வேண்டாம் என்றாலும் போகும். போய்த் தடவிப் பார்த்து, ஓம், இல்லைத்தான் என்று திரும்பி வரும். அப்படி ஒன்றுதான். அன்று பின்னேரம் நான்காவது மென்பொருளைத் தெரிவு செய்திருப்பதாகக் கிருஷாந்துக்கு எழுதினேன். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'கூடுதல் நெகிழ்ச்சி' என்று போட்டேன்.

இங்கே நீங்கள் அவசரப்படக் கூடாது. அன்றைக்கு என் மனதில் ஒரு திட்டமும் இல்லை. சட்டம் போடத் தெரிந்த ஒரு சாமானை வாங்கினேன், அவ்வளவுதான். கத்தி வாங்குகிறவர்கள் எல்லோரும் மரக்கறிதான் வெட்டுகிறார்கள்.

மார்ச், ஏப்ரல், மே. வேலை திறமாக ஓடியது. பயிற்சி வீடியோக்கள் முழுவதையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துச் சொல்லித் தருவாள்: பெரிய வேலை மனிதரைப் பயமுறுத்தும். அதைச் சின்னச் சின்ன வேலைகளாக உடையுங்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவருக்குக் கொடுங்கள். முழு வேலையும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய தேவையில்லை. நல்ல அறிவுரை. அவளுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்காது.

கிருஷாந்துக்கும் ஒரு சட்டம் இருந்தது. யாராவது அவரிடம் போய் ஏதும் சொன்னால், கையை உயர்த்தி நிறுத்துவார். "வாயால சொல்லாதேங்கோ. உள்ள போடுங்கோ. உள்ள இல்லாட்டி அது நடக்கேல்ல." ஒருநாள் பஹ்மி கையில் பைபர் வெட்டி இரத்தம் சொட்டச் சொட்ட வந்து நின்றபோதும் அதைத்தான் சொன்னார். பஹ்மி எங்கள் பைபர் வேலையாள், படகுகளை ட்ரக்டரில் இழுத்து இறக்குவதும் அவர்தான். ஒரு கையால் 'காயம்' என்று தட்டி அனுப்பிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார்.

ஏப்ரல் மாதத்தில்தான் கவனித்தேன்: ஐயாவின் விரல் சுத்தமாக இருந்தது. அவருக்கு மென்பொருளில் எழுதத் தெரியாது. நான் என்ன போட்டாலும் ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் வரும். 'இன்றைய வேலைகள்' என்று போட்டால் பெருவிரல். 'நான் வெள்ளி லீவு' என்று போட்டால் பெருவிரல். ஒரு நாள் வேண்டுமென்றே 'காலமை புட்டு' என்று போட்டேன். அதற்கும் பெருவிரல்தான். கிருஷாந்த் வந்து, "அன்ரி, இதில பேர்சனல் விஷயம் போடாதேங்கோ," என்றார்.

மே கடைசியில் கயிறுகளின் முறை வந்தது. சாவிகள் எல்லாம் அலுவலகத்தில் இலக்கம் போட்ட பெட்டிக்குள் வர வேண்டும், கயிறு கூடாது என்று கிருஷாந்த் கூட்டம் வைத்தார். றஹ்மான் நானா கதிரையில் உட்காரவில்லை. கிறீஸ் படும் என்று எப்போதும் நின்றபடிதான் கதைப்பார்.

"சாவியோட மூடி இரிக்கோணும் தம்பி," என்றார். "மூடி இல்லாட்டி அது வள்ளமில்ல, அரிதட்டு."

"நானா, மூடி பூட்டுறதுக்கு ஒரு டாஸ்க் போட்டாச் சரி. பச்சை விழாம வள்ளம் இறங்காது."

"டாஸ்க் தண்ணிய மறிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷாந்தும் சிரித்தார். "உங்களுக்கு வயசு போட்டுது நானா, அதுதான் எல்லாத்தையும் இடுப்பில கட்டிக்கொண்டு திரியிறீங்கள்."

"கட்டியிரிக்கிறதாலதான் மவன் இன்னும் விழாம இரிக்கி," என்றார் நானா. இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். 'மூடி பூட்டுதல் தனி வேலையாகப் பதியப்படும்' என்று எழுதியபோது என் கை கொஞ்சம் நின்றது. நாக்கு பல்லில்லாத இடத்துக்குப் போனது. பிறகு தொடர்ந்து எழுதினேன்.

அந்த வாரம் ஊழியர் விபரப் பக்கத்தை ஒழுங்குபடுத்தினேன். நான்காவது மென்பொருளில் வேண்டிய கேள்வியை நாமே சேர்க்கலாம். இரத்த வகை, அவசரத்துக்கு யாருடைய இலக்கம், நீந்தத் தெரியுமா என்று மூன்றைச் சேர்த்தேன். கடலோரத்துக் கம்பனிக்கு நியாயமான கேள்விகள். கிருஷாந்த் எல்லோருக்கும் முன்மாதிரியாக முதல் ஆளாக நிரப்பினார். ஓ பொசிட்டிவ். அம்மாவின் இலக்கம். நீந்தத் தெரியுமா: இல்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியவில்லை. தாய் பயத்தில் கடலுக்குள் விடவில்லையாம். எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இனி வேலைகளைச் சொல்கிறேன். நீங்கள் வரிசையாகத் தட்டச்சு செய்தால் உங்களுக்கே இலேசு.

ஜூன் மாதம், 'நீலமதி' என்ற சுற்றுலாப் படகு திருத்தி முடிந்தது. மேல்தட்டு மூடிய படகு. தட்டுக்குக் கீழே தண்ணீர் ஏறினால் நிற்கிறவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பரீட்சை ஓட்டம். பரீட்சை ஓட்டம் எப்போதும் றஹ்மான் நானாதான் போவார். ஆனால் கம்பனிப் பக்கத்துக்கு ஒரு வீடியோ வேண்டும் என்று கிருஷாந்த் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படகு ஓட்டுவார், அதில் குறைவில்லை. அதனால் அந்த வேலையை அவருக்குப் போட்டேன். நேரம் பகல் பன்னிரண்டு. 'வெளிச்சம் நல்லாயிருக்கும் தம்பி' என்று குறிப்பு எழுதினேன். இதயப் படம் ஒன்று வந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் கரையில் சனம் இருக்காது. பாதிப்பேர் ஜும்ஆவுக்குப் பள்ளியில், மீதிப்பேர் சோற்றில். கடலில் ஒரு வள்ளம் காண முடியாது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை, அது எப்போதும் உள்ளது.

தோப்பூரில் ஒருவரின் எஞ்சின் பார்க்க வேண்டியிருந்தது. அதை வெள்ளிக்கிழமைக்கு றஹ்மான் நானாவுக்குப் போட்டேன். நானா அங்கேயே தொழுவார், போனை நிறுத்தி வைப்பார். உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் உப்பும் பூஞ்சையுமாக இருந்தன. அவற்றைக் கழுவிக் காயப்போடும்படி நிவேதிகாவுக்குப் போட்டேன். அவள் எனக்கு உதவியாக இருக்கும் பிள்ளை, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். பதினொரு மணிக்கு அத்தனையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. படகை இறக்கும் வேலை பஹ்மிக்கு, பதினொன்றே முக்காலுக்கு. ஜும்ஆவுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் இருப்பார்.

மூடி பூட்டும் வேலையை றிப்திக்குப் போட்டேன். றிப்தி எங்களிடம் வேலை செய்துவிட்டு மாசி மாதம் கட்டாருக்குப் போனவர். அவருடைய பெயரை எடுக்கும்படி கிருஷாந்த் இரண்டு தடவை சொன்னார். வாயால்தான் சொன்னார். உள்ளே போடவில்லை; ஆனபடியால் அது நடக்கவில்லை. புதன்கிழமை றிப்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது, மென்பொருளுக்குள் இல்லை, என் வாட்ஸ்அப்புக்கு. "அக்கா, நான் டோஹாவில நிக்கிறன். மூடிய இஞ்ச இருந்து பூட்டவோ? கை கொஞ்சம் எட்டாது." பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது. 'பிழையாக வந்திட்டுது தம்பி, விடுங்கோ' என்று பதில் போட்டேன். நல்ல பகிடிக்காரப் பிள்ளை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

நாற்பத்தெட்டு மணித்தியாலம் உள்ளே பதில் வராவிட்டால் மூடு என்பது நான் போட்ட சட்டம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூடி பச்சையானது. சாவியோடு அலுவலகத்துக்கு வந்த உண்மையான மூடி என் லாச்சிக்குள், நீலப் பேனைக்குப் பக்கத்தில் இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் வைத்திருந்தேன்.

பஹ்மி ட்ரக்டரை நிறுத்திவிட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பழைய பழக்கத்தில் கை இடுப்பைத் தடவியது.

"அக்கா, மூடி?"

"போனைப் பாருங்கோவன், பஹ்மி."

பார்த்தார். "பச்சை."

"பிறகென்ன?"

"ஒண்டுமில்ல," என்று போய்விட்டார். ஒரு கயிறு கையில் கிடைத்திருந்தால் அந்த மனிதர் குனிந்து பார்த்திருப்பார். அதை நான் அறிவேன். கயிற்றை வெட்டியது நான் இல்லை.

மூடி இல்லாத படகு வேகமாக ஓடும்வரைக்கும் பெரிதாகத் தண்ணீர் எடுக்காது, மிஸ். நின்றால்தான் எடுக்கும். வீடியோவுக்கு நிற்கத்தானே வேண்டும். உட்துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பெருமை பேசுவார்கள்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு என் போன் அடித்தது. நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்ரி, தண்ணி வருது. பின்பக்கம் தாழுது அன்ரி. நானாட போன் வேலை செய்யேல்ல. ஆரையாவது அனுப்புங்கோ, கெதியா."

நான் சொன்னேன்: "வாயால சொல்லாதேங்கோ தம்பி. உள்ள போடுங்கோ."

பிறகு லைன் போய்விட்டது. நம்ப மாட்டீர்கள், அவர் போட்டார். பன்னிரண்டு இருபத்தெட்டு: 'நீலமதி தண்ணீர் அவசரம்'. றஹ்மான் நானாவின் பெயருக்கு. பயத்திலும் ஒழுங்கு தவறாத பிள்ளை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு அதுவும் தானாகப் பச்சையாகியிருக்கும்.

பார்சலை நான் சாப்பிட்டேனா என்பதை எழுதத்தான் வேண்டுமா? சாப்பிட்டேன். கீரி மீன் பொரியல்.

நீங்கள் என்னைப் பிடித்தது எப்படி என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை; நானே சொல்கிறேன். அது என் பிழைதான், வேறு யாருடையதும் இல்லை. பெரிய வேலையை உடைத்தால் கடைசிவரை உடைக்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரப் பெண் சொல்வாள். அதனால் புதன்கிழமையே ஒரு வேலை சேர்த்துப் போட்டிருந்தேன்: 'கண்ணீர் அஞ்சலிப் பதாகை, ஆறுக்கு நாலு, கிருஷாந்த், படம் ஊழியர் விபரத்தில் உள்ளது.' நிவேதிகாவுக்கு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியிடு, அதுவரை யாருக்கும் காட்டாதே. கடைசி நேரத்தில் அச்சகத்துக்கு ஓடுவது எனக்குப் பிடிக்காது. பதாகைகளில் பெயர்களைப் பிழையாகப் போட்டுவிடுவார்கள்.

சனிக்கிழமை எட்டு மணிக்குச் செத்தவீட்டில் எங்கள் கம்பனிக்காரர் எல்லோருடைய போனும் ஒன்றாக அடித்தது. நிவேதிகா கெட்டிக்காரி. முதலில் படத்தைப் பார்த்து அழுதாள். பிறகு மேலே சின்ன எழுத்தில் இருந்த திகதியைப் பார்த்தாள். 'உருவாக்கியது: கமலேஸ்வரி, புதன், பி.ப. 3.10.' அந்த வரியை இலவசப் பதிப்பில் மறைக்க ஏலாது. நான்கையும் ஒப்பிட்டபோது இந்த ஒன்றை நான் கவனிக்கவில்லை. உங்கள் கந்தோருக்கு எடுப்பதாக இருந்தால் இதைப் பார்த்து எடுங்கள்.

அவள் போனை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். நான் குசினி வாசலில் நின்று தேத்தண்ணீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐயா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். தங்கை அவருடைய மடியில் தலைவைத்துக் கிடந்தார். ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெருவிரல் காட்டவில்லை. பதினொரு வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே இல்லை, மிஸ். அந்தச் சனத்துக்குள்ளும் எனக்கு முகம் சுட்டது.

ஓம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பஹ்மி இல்லை, நிவேதிகா இல்லை, றிப்தி இல்லை, நானா இல்லவே இல்லை. அவர்கள் ஆளுக்கு ஒரு சின்ன வேலை செய்தார்கள். முழு வேலையும் என்னுடையது. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா? நல்லது, அதுதான் முறை.

ஒரு மூலையில் என்ன எழுதியிருந்தது என்பதற்காக ஒருவரைக் கடலில் விடுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். நான் சொன்னேனே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஒழுங்கு பற்றிய பிரச்சினை. ஒரு பொருளை அழிப்பதற்கு முதல் அதை வைத்தவரிடம் கேட்க வேண்டும். நேற்று றஹ்மான் நானா எனக்கு உடுப்புக் கொண்டுவந்து தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி ஒரு வார்த்தைதான் கதைத்தார்: போன்கள் எல்லாம் உங்களிடம் இருப்பதால் வேலையைப் பார்க்க வழியில்லை, பஹ்மி பலகையைத் திருப்பி மாட்டிவிட்டாராம். சாவிகளிலும் கயிறு ஏறிவிட்டது.

பாருங்கள், கடைசியில் எல்லாம் இருந்தபடி வந்துவிட்டது.

நாளைக்குக் கணினியை எடுக்க அலுவலகத்துக்குப் போவீர்கள்தானே. ஐயா ஏழரைக்கு வந்துவிடுவார். செத்தவீடு என்றாலும் வருவார், எனக்கு அவரைத் தெரியும். போனால் பலகையின் கீழ் வலது மூலையை ஒருக்கால் பாருங்கள், மிஸ். பெட்டி இருக்காது, கிருஷாந்த் அழித்துவிட்டார். ஆனால் இடம் அவருக்குத் தெரியும். ஏதாவது எழுதியிருந்தால் என்னவென்று எனக்கு வந்து சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், நீலப் பேனை என் லாச்சிக்குள் பூட்டிக் கிடப்பதால்தான் இருக்கும்.